கணக்கும் கூட்டும்

(மணமேல்குடியில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியனைக் கணக்கைப் பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று நம் காரியதரிசியவர்களை வினவினோம். “நீங்கள் இலக்கணம் பேசினால் பாதிப்பேர் உறங்குவர், கணக்கென்று சொன்னால் ஒருவரும் கண்மூடார்” என்று விடையிறுத்தார். அவர் கூற்று மெய்யென்பது இப்பந்தலைப் பார்க்கும்போதே விளங்குகின்றது. சென்ற ஆண்டு நாம் ஐந்திலக்கணம் பேசியபோது காலியாயிருந்த பின்வரிசைகள் இன்று நிரம்பியுள்ளன.

நாம் கூடியிருக்கும் இந்நிலம் அமைச்சர்களுக்குப் பேர்போன நிலமாகும். பாண்டியன் நெடுமாறனுக்கு அமைச்சராயிருந்த குலச்சிறை நாயனார் அவதரித்த மணமேற்குடி இதுவே. அண்மையிலுள்ள திருப்பெருந்துறையோ, இந்நாளில் ஆவுடையார்கோயில் எனப்படுவது, மற்றோர் அமைச்சரின் வரலாற்றோடு பிணைந்தது. குதிரை வாங்கிவரும்படி பாண்டியன் அளித்த பொருளை மணிவாசகப் பெருமான் அவ்வூரில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பதும், அரசன் கணக்குக் கேட்டபோது இறைவனே குதிரைச் சேவகனாக எழுந்தருளினான் என்பதும் புராணம் கூறும் செய்திகள். சங்கத்துப் பொருளைக் கையாள்வோர் இவ்வரலாற்றை மேற்கோளாக எடுத்துக்கொள்ளலாகாது என்று பணிவுடன் வேண்டுகிறோம். அவர்பொருட்டு வந்தவன் நம்பொருட்டும் வருவான் என்பதற்கு உறுதி யாதுமில்லை. நம்மைக் கணக்குக் கேட்போர் பாண்டியனினும் கடியவர். அவர் நம் சொந்தக்காரர்.

பொதுப்பொருளுக்குக் கணக்குக் காட்டுதல் வெள்ளைக்காரர் கொணர்ந்த வழக்கமென்று எண்ணுவார் சிலர் உளர். அது பிழை. முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நோக்குங்கள். ஊர் வாரியங்களுக்குக் குடவோலை இடுங்கால் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதலாகாது என்பதனை அவை வகுத்துரைக்கின்றன. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவன் பெயர் குடத்திற் புகலாகாது. அவ்வளவோடு நில்லாமல், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயர்களையும் அக்கல்வெட்டு விலக்குகின்றது. ஒருவன் கணக்கை முடியாது விட்டால் அவன் சிற்றன்னை மகனும் அத்தை மகனும் வெளியே நிற்கவேண்டும்! நம் சங்கத்தில் இவ்விதியை இன்று நிறைவேற்றினால் அடுத்த நிர்வாகக் குழுவுக்கு ஆள் கிடைப்பது அரிது. (நகைப்பு.)

நிற்க. கணக்கெழுதுதலையே ஆணிவேராகக் கொண்டு தழைத்த தொழிலுக்குச் சான்று வேண்டுமாயின், நம் மாவட்டத்திலும் அதனையடுத்த சிவகங்கை மாவட்டத்திலும் ஊர்களையுடைய நகரத்தார்களைக் காட்டுதல் போதும். அவர்தம் மாளிகைகளைக் கண்டு வியப்போர் பலர். அம்மாளிகைகளை எழுப்பிய பேரேடுகளைக் கண்டோர் சிலரே. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் அவர்கள் நடத்திய கடை ஒவ்வொன்றும் அளவிற் சிறியது. ஒரு கிட்டங்கியில் பாய்விரித்து, கைப்பெட்டியை முன்வைத்து அமர்வதே கடை. மேலாள் ஒருவர், அவர்க்குத் துணையாக அடுத்தாள், பெட்டியருகே ஏவல் கேட்கும் பெட்டியடிப் பையன், சமையற்காரன்: இவ்வளவே பரிவாரம். அப்பையன் ஏட்டையும் எண்ணையும் பார்த்துப் பார்த்துக் கற்று, அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகிச் சிலகாலம் கழித்துத் தானே முதலாளியாவதும் உண்டு.

அன்றன்று நிகழ்ந்ததை நாள்வழியிற் பதிவதும், ஒவ்வொருவர் பற்றையும் வரவையும் பேரேட்டிற் பெயர்த்து எழுதுவதும், காலமுடிவில் ஐந்தொகை எடுப்பதும் அக்கடையின் நித்திய கருமங்கள். இருப்பு ஒரு காசு பிசகினும் அக்காசு எங்கே போயிற்றென்று காணாமல் விளக்கணையார் என்று அக்கடைகளில் இருந்த முதியோர் சொல்ல நாம் இளமையிற் கேட்டிருக்கிறோம். காசு பெரிதென்பதன்று. ஒரு காசுப் பிசகுக்குள் ஆயிரம் ரூபாய்ப் பிசகு இரண்டு ஒளிந்திருத்தல் கூடும். ஒன்று வரவிலும் மற்றொன்று செலவிலுமாக நின்று ஒன்றையொன்று மறைக்கும். கணக்கறிந்தோர் இதனை நன்குணர்வர்.

மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கே அனுப்பப்பெற்றார். தவணை முடிந்ததும் புதியவர் சென்று பழையவரிடமிருந்து ஏடுகளை ஏற்பார். கடல் கடந்த ஊரில், முதலாளியின் கண்ணுக்கெட்டாத இடத்தில், இவ்வளவு பெரும்பொருளை ஒருவர் கையில் ஒப்புவித்த துணிவு எங்ஙனம் வந்தது? “நம்பிக்கை” என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். அந்நம்பிக்கையின் கீழே பாய்போல விரிந்து கிடந்தது பேரேடு. எவனும் பார்க்கலாம் என்னும்படி எழுதியவனையே உலகம் நம்பிற்று.

கூட்டு என்பதும் அவர்களிடம் தெளிவாயிருந்தது. ஒரு குடும்பத்தார் தனித்தும் பிறரோடு பங்காகவும் வெவ்வேறு விலாசங்களில் கடை வைப்பர். விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாலாய கடைப்பெயர். யாருக்கு எவ்வளவு முதல், எவ்வளவு பங்கு என்பது ஏட்டில் நின்றது. தவணை வட்டி இன்னது, நடப்பு வட்டி இன்னது என்பதும் ஒருவர் மனம்போனபடி அமைந்ததன்று. இரங்கூனில் வணிகர் தம் கோயிலிற் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். சிங்கப்பூரில் 1859-ஆம் ஆண்டு அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும் வழிபாட்டுக்கு இடமாயதோடு வணிகர் கூடுமிடமாகவும் விளங்கிற்று. தொழிலின் அளவுக்கேற்ப மகமை என்னும் ஒரு தொகை தருமத்துக்கென ஏட்டில் எழுதப்பட்டது. ஈண்டு நம்மனோர் குறித்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஆதாயம் மிஞ்சினால் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தருமத்தைக் கடைசிக்குத் தள்ளாமல், கடன்காரர் பெயரை எழுதுவதுபோலவே ஏட்டில் எழுதிவைத்தனர். எழுதிய கடனைக் கொடுத்தே தீரவேண்டுமன்றோ?

மகமையின் பயனை அவர்கள் மட்டும் கண்டாரல்லர். விருதுநகர் நாடார் பெருமக்கள் மகமையும் பிடியரிசியும் கொண்டு வளர்த்த க்ஷத்திரிய வித்தியாசாலையிலேதான் காமராசர் பயின்றார். அம்மரபினர் 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய வங்கி, 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்னும் பெயரோடு நடைபெற்று வருகிறது. 1906-இல் சென்னை அர்பத்நாட்டு கம்பெனி முறிந்து பல்லாயிரவர் சேமிப்பு அழிந்தபின், 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியதற்கு நகரத்தாரின் முதலும் துணைநின்றது.

ஆயினும் பேரேடு சரியாயிருந்தால் யாவும் சரியாகிவிடும் என்று கூறுவோமல்லோம். 1930-ஆம் ஆண்டையொட்டி நெல் விலை வீழ்ந்தபோது பர்மாவில் கடன் வசூலாகாமல், ஈடாய் நின்ற நிலமே கைக்கு வந்தது. 1938-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நிலம் அவர்கள்பால் இருந்தது. ஏட்டில் அது சொத்து. அந்நாட்டுக் குடியானவன் நெஞ்சில் அது தீ. 1942-இல் ஜப்பானியர் புகுந்தபோது பலர் உடுத்த துணியோடு நடந்தே வந்தனர். எழுதப்பட்ட எண்கள் எல்லாம் மெய்யாயிருந்தும், எழுதப்படாத ஒன்று அந்த ஏட்டிற்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. இதனை இவ்வளவில் விடுகின்றோம். நமக்குரிய செய்தி இன்னும் அண்மையிலுள்ளது.

பிறர் கணக்கை எழுதிக்கொடுத்துப் பிழைக்கும் தொழில் நம் நாட்டில் தழைத்ததற்கு அரசாங்கத்தின் வரியும் ஒரு காரணம். 1939-இல் இராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. அதுகாறும் சுவரில் கரிக்கோடிட்டுப் பற்று வைத்த கடைக்காரரும் புத்தகம் தேடலாயினர். கடைதோறும் மாலையில் வந்து ஏடெழுதிச் செல்லும் கணக்கப்பிள்ளைகள் பெருகினர். தணிக்கையாளர்களுக்கோ 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால், அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று, தனிக் கழகமே அமைந்தது. 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி வந்தபோது 1939-இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை புத்தகத்துக்கு மாற்றாகக் கணினி.

அவ்வாண்டிலேதான் நம்மிடம் பத்தாம் வகுப்பிற் பயின்ற மாணாக்கர் ஒருவர், கல்லூரியில் வணிகவியல் முடித்தவர், தம் மாமாவின் மளிகைக் கடைக்குப் பின்புறம் ஓர் அறையில் ஒரு கணினியோடு உட்கார்ந்தார். பெயர் சொல்லவேண்டா என்று அவரே கேட்டுக்கொண்டமையால் சொல்லவில்லை. முதலாண்டு அவர்க்கு வாய்த்தவை மஞ்சட்பைகள். மாதம் முழுதும் சேர்ந்த துண்டுச் சீட்டுகளையும் பில்லுகளையும் ஒரு மஞ்சட்பையிற் திணித்துக் கடைசி நாளில் கொண்டுவந்து, “தம்பி, எப்படியாவது முடித்துவிடு” என்பர் கடைக்காரர். கருவாட்டு வியாபாரி ஒருவர் கூலிக்குப் பதிலாகக் கருவாடே கொடுத்தார். அதனையும் அவர் வரவில் எழுதினார் என்பதை நாம் நேரிற் கண்டோம்.

இரண்டாம் ஆண்டில் அவர் மஞ்சட்பையை ஏற்பதில்லை என்று முடிவுசெய்தார். வாரந்தோறும் தாமே கடைக்குச் சென்று அரைமணி நேரம் இருந்து பதிவதாகச் சொன்னார். நால்வர் விலகினர், ஒன்பதின்மர் சேர்ந்தனர். காரணம் எளிது. மாதக்கடைசியில் எழுதும் கணக்கு அரசாங்கத்துக்கு. வாரந்தோறும் எழுதும் கணக்குக் கடைக்காரனுக்கு. எந்தச் சரக்கு தேங்குகின்றது, எவர் கடன் முதிர்கின்றது என்பதை அவன் அப்போதுதான் முதன்முறை கண்ணாற் கண்டான்.

வேலை பெருகவே கூட்டு வேண்டியதாயிற்று. கோட்டைப்பட்டினத்து முஸ்லிம் இளைஞர் ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்தார். நம்மவரிற் சிலர், “நம் பிள்ளைகள் இல்லையா?” என்று கேட்டது நம் செவிக்கும் எட்டிற்று. அவ்விளைஞர்க்குக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்துப் படகுக்காரர்களையும் ஏல முறையையும் தெரியும்; நம் பிள்ளைக்குத் தெரியாது. அவ்வளவே விடை. இருவரும் முத்திரைத்தாளில் கூட்டுப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்துகொண்டனர். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் கூறுவதை நம்மிற் பலர் அறியார். பங்கு இன்னதென்று எழுதாவிட்டால் ஆதாயமும் நட்டமும் சமபங்கு; ஒருவர் தொழிலின்பொருட்டுப் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பு; வேறு ஏற்பாடு இல்லையேல் ஒருவர் மறைந்தவுடன் கூட்டும் கலையும்; பதிவு செய்யாத கூட்டு, பிறர்மேல் ஒப்பந்த வழக்குத் தொடுப்பதும் இயலாது. அண்ணன் தம்பி என்று வாய்ச்சொல்லால் கடை வைத்து, அண்ணன் காலமானபின் அண்ணியும் கொழுந்தனும் வழக்குமன்றத்தில் நின்ற குடும்பங்கள் இப்பந்தலிலும் உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றினாரல்லர், எழுதாமலிருந்தனர்.

மூன்றாவதாக அங்கே சேர்ந்தவர் நம் குலத்து மருமகள் ஒருவர். பெண்பிள்ளை கடைகடையாய்ப் போய்க் கணக்கெழுதுவதா என்ற பேச்சு எழுந்தது. அதற்கு நாம் ஒரு வரலாறே கூறுவோம். சென்னையில் ஆர். சிவபோகம் என்னும் அம்மையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையிருந்தார். வெளிவந்தபின் கணக்கியல் பயின்று 1933-இல் தேறினார். சிறைசென்றோர் தணிக்கையாளராகப் பதிவு பெறலாகாது என்று அந்நாளைய அரசு தடுத்தபோது, வழக்காடி வென்றார். 1937 முதல் தாமே அலுவலகம் நடத்தினார். 1955 முதல் 1958 வரை தென்னிந்தியத் தணிக்கையாளர் மன்றத்துக்குத் தலைமை தாங்கினார். இந்தியாவின் முதற் பெண் தணிக்கையாளர் அவரே. சிறைக்கதவும் அரசாங்கமும் தடுக்கமுடியாத ஒன்றை மணமேல்குடிக் கடைத்தெருவின் பேச்சுத் தடுக்குமோ?

அவர்கள் மூவரும் கணக்கெழுதுவோரே. தணிக்கை ஒப்பமிடும் உரிமை உடையாரல்லர். அதற்கென வெளியூர்த் தணிக்கையாளர் ஒருவரிடம் செல்கின்றனர். தம் எல்லையை அறிந்து நிற்றலும் அத்தொழிலின் நாணயமாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்நாட்களில் அவர்கள் படகுக்காரரோடும் ஆள்களோடும் ஒருங்கே அமர்ந்து, டீசல், பனிக்கட்டி, உணவுச் செலவு போக மிஞ்சியது எவ்வளவு, படகுப் பங்கு எவ்வளவு, ஆள் பங்கு எவ்வளவு என்று ஆண்டுக் கணக்கை எழுதிக்கொடுக்கின்றனர். இதற்குக் கூலி வாங்குவதில்லை. மகமை என்ற சொல்லை அவர்கள் அறிவார்களோ, அறியோம்.

இனி நாம் சொல்லவந்ததைச் சொல்லவேண்டும். இதுகாறும் கூறியவையெல்லாம் இதனைச் சொல்லத் துணிவு வேண்டிச் சுற்றிவந்த வழியென்றே கொள்க.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் நம் கரையை அழித்ததை ஒருவரும் மறந்திரார். தென்னைகள் தலைசாய்ந்தன, ஓடுகள் பறந்தன, நாட்கணக்கில் மின்சாரமில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ள நம்மவர் பணம் அனுப்பினர். சங்கம் ஒரு நிவாரணக் குழு அமைத்தது. அதன் பொருளைக் கையாண்டவர் அப்போதைய பொக்கிஷதார் பெரியவர். குழுவில் நாமும் ஒருவர். தார்ப்பாய் வேண்டுமென்றோரிடம் கைச்சாத்துக் கேட்பது எங்ஙனம்? அரிசி மூட்டையை இறக்கிவிட்டு அழுதுகொண்டிருப்பவளிடம் ரசீது நீட்டுவது எங்ஙனம்? கேட்கவில்லை, நீட்டவுமில்லை. பெரியவர் மட்டும் காலண்டர்த் தாளின் பின்புறத்தில் ஏதோ குறித்துக் கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், வந்த பணம் எவ்வளவு, போனது எவ்வளவு என்று வினா எழுந்தது. கேட்டது தவறன்று. பெரியவரால் சொல்லமுடியவில்லை. பின்னர் வினா பேச்சாயிற்று, பேச்சு வதந்தியாயிற்று. அவர் வீட்டுக் கூரை மாற்றியதுகூட ஊர்வாயில் விழுந்தது. அவர் பதவி விலகினார். கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். 2021-இல் காலமானார். அவரைத் திருடன் என்றோர் வரிசையில் நாம் நின்றதில்லை. ஆயினும், உடனிருந்து பார்த்த நாம், “அவர் நேர்மையானவர்” என்று எழுந்து ஒரு சொல் சொன்னதுமில்லை. கணக்கின்றி எவ்வாறு சொல்வது என்று நமக்கு நாமே காரணம் கற்பித்துக்கொண்டோம். இருபதாண்டு பிள்ளைகளுக்கு அறநூல் கற்பித்த வாய் அன்று மூடியிருந்தது.

சென்ற ஆண்டு அவர் மனைவியார் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து நம்மிடம் கொடுத்தார். அதனுள் அந்தக் காலண்டர்த் தாள்கள் இருந்தன. நாம் அதனை அவ்விளைஞர்களிடம் சேர்த்தோம். வங்கிப் புத்தகம், அறந்தாங்கித் தார்ப்பாய் வணிகரின் பழைய பில்லுகள், லாரி வாடகைச் சீட்டு, அரிசிக் கடை ஏடு, அயலூர் அன்பர்களின் பண அனுப்புச் சீட்டுகள் யாவற்றையும் தேடித் திரட்டி, ஒவ்வொன்றையும் அத்தாள்களோடு ஒப்புநோக்கி, நான்கு மாதங்கள் உழைத்து நாள்வழியும் பேரேடும் புதிதாய் எழுதினர். கோட்டைப்பட்டினத்துப் பிள்ளை, எழுத்து மங்கிய தாள்களை வெயிலில் பிடித்துப் பிடித்துப் படித்தார். ஊதியம் பெறவில்லை.

ஐந்தொகை எடுத்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. வரவைவிடச் செலவு ரூ. 18,000-க்கு மேல் மிகுந்திருந்தது. வராத பணம் எங்ஙனம் செலவாகும்? தாங்கள்தாம் எங்கோ பிசகினோம் என்று எண்ணி மூன்றுமுறை கூட்டிப் பார்த்தனர். பின்னர்ப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்த ஓர் அடகுச் சீட்டு அகப்பட்டது. புயலுக்குப் பத்து நாள் கழிந்த தேதி, ஒரு சங்கிலி, தொகையும் அதற்கு ஏறக்குறைய ஒத்தது. அம்மையாரிடம் கேட்டோம். “கடைசி லாரிக்குப் பணம் போதவில்லை என்றார், கழற்றிக் கொடுத்தேன்” என்றார். இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “அவர் சொல்லவேண்டா என்றார், கணக்கிலே இல்லாததைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்றார்” என்றார்.

இன்று நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக உள்ள தீர்மானம், சங்கக் கணக்கை இனி அவ்விளைஞர்கள் மாதந்தோறும் எழுதவும், தணிக்கை செய்யப்பெற்ற கணக்கு ஆண்டுதோறும் இவ்வெளியீட்டில் அச்சிடப்படவும் வேண்டுமென்பது. வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியுமே என்று சிலர் தயங்குவதை அறிவோம். அவர்கள் தம் கருத்தைத் தாராளமாகச் சொல்லட்டும். ஆறாவது தீர்மானம், அடகுச் சீட்டின் தொகையைச் சங்கம் அம்மையாருக்குக் கொடுக்கவேண்டிய கடனாக ஏட்டில் எழுதுவது. இதனை முன்மொழிபவர் நாம். வழிமொழிபவர் ஒருவர் வேண்டும்.

எழுதி முடித்த நிவாரணப் பேரேடு மேடையின் இடப்புறம் மேசைமீது உள்ளது. அம்மையாரவர்கள் பெண்டிர் வரிசையில் இரண்டாவதாக அமர்ந்திருக்கின்றார்கள். அவர்கள் முதலில் வந்து பார்க்கட்டும். அதன்பின் எல்லோரும் பார்க்கலாம்.